அமெரிக்கச் சட்டம் ஒன்றின் பிறப்பைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்காகக் காத்திருப்பவர்களும், அங்கே சட்டம் படிக்கும் மாணவர்களும், குடியேற்றம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றும் கூட்டாட்சிச் சட்டங்களுக்கு மட்டுமே இவை பொருந்தும். மாநிலச் சட்டங்களைத் தேடும் வழி வேறு.

பெரும்பாலான பதில்களில் ஒரே உதாரணத்தைப் பின்தொடர்கிறேன். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும், குடும்ப உறவு, வேலை ஆகிய இரண்டு வழிகளிலும் வருடந்தோறும் ஒதுக்கப்படும் கிரீன் கார்டுகளில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற பொதுவிதிதான் அது. நம்மவர் வீடுகளில் இந்த அளவுக்குப் பேசப்பட்ட அமெரிக்கச் சட்டப் பிரிவு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். தவறாகச் சொல்லப்படுவதும் அதே அளவுக்கு அதிகம்.

சட்டத்தின் வரலாறு என்கிறீர்களே, அது எந்த வருடம் வந்தது என்பதைத்தானே சொல்கிறீர்கள்?

வருடம் அதில் ஒரு சிறு பகுதி. மசோதா தாக்கலான நாளிலிருந்து அதிபர் கையெழுத்திட்ட நாள் வரை அதைச் சுற்றி உருவான தாள்கள் எல்லாம் சேர்ந்ததுதான் சட்ட வரலாறு. மசோதாவின் ஒவ்வொரு வடிவம், விசாரணைக் கூட்டங்களின் பதிவு, குழு அறிக்கைகள், அவை விவாதம், தோற்ற திருத்தங்கள், வாக்கெடுப்புக் கணக்கு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

சட்ட வாசகம் முழுவதும் இணையத்தில் இருக்கிறதே. பழைய தாள்களை எதற்குக் கிளற வேண்டும்?

வாசகம் தெளிவாக இருந்தால் கிளற வேண்டியதே இல்லை. முதலில் வாசகத்தை வரி விடாமல் படியுங்கள், அதே சட்டத்தில் உள்ள வரையறைப் பிரிவையும் படியுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு சொல் இரண்டு பொருளுக்கு இடம் தந்தால்தான் தாள்களின் பக்கம் போக வேண்டும்.

நீதிமன்றங்கள் இப்படிப் போவதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. வெளிநாட்டவரை ஒப்பந்தம் போட்டு வேலைக்கு அழைத்து வருவதை 1885ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ‘எவ்வகை உழைப்பும் சேவையும்’ என்ற பொருளில் அதன் வாசகம் இருந்தது. நியூயார்க்கில் ஹோலி டிரினிட்டி என்ற தேவாலயம் இங்கிலாந்திலிருந்து ஒரு பாதிரியாரை ஒப்பந்தத்தில் வரவழைத்தது. சொல்லை அப்படியே எடுத்தால் அது குற்றம். உச்ச நீதிமன்றம் 1892இல் செனட் குழுவின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தது. உடலுழைப்பு என்று குறுக்கி எழுதியிருக்கலாம், ஆனால் கூட்டத்தொடர் முடியும் நேரத்தில் திருத்தினால் மசோதா நிறைவேறாமல் போகும், நீதிமன்றங்கள் எப்படியும் அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்ளும் என்று குழுவே அதில் எழுதி வைத்திருந்தது. தேவாலயம் வென்றது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் வாதிடுகிறார்கள்.

ஒரு மசோதா சட்டமாகும் வழியில் என்னென்ன தாள்கள் உருவாகின்றன?

435 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட் ஆகிய இரண்டில் ஏதாவது ஒன்றில் மசோதா தாக்கலாகும். உடனே அதற்கு ஓர் எண் கிடைக்கும்: சபை மசோதா என்றால் எச்.ஆர்., செனட் மசோதா என்றால் எஸ். பிறகு உரிய குழுவுக்குப் போகும். பெரும்பாலானவை அங்கேயே மடிந்துவிடும். பிழைப்பவற்றுக்கு விசாரணைக் கூட்டம் நடக்கலாம். குழு வரிவரியாகத் திருத்தி, இந்தச் சட்டம் ஏன், ஒவ்வொரு பிரிவும் என்ன செய்கிறது என்று விளக்கும் அறிக்கையோடு அவைக்கு அனுப்பும். அவையில் விவாதம், திருத்தம், வாக்கெடுப்பு. அடுத்த அவையிலும் இதே சுற்று.

இரண்டு அவைகளும் வெவ்வேறு வாசகங்களை நிறைவேற்றினால், ஓர் அவை மற்றதன் வாசகத்தை ஏற்க வேண்டும், அல்லது இரு அவையினரும் அமர்ந்த கூட்டுக் குழு ஒரே வாசகமாக்கி அதற்கென்று ஓர் அறிக்கை தர வேண்டும். கடைசியாக அதிபரின் கையெழுத்து; அவர் மறுத்தால் அந்த மறுப்பை மீறி மீண்டும் நிறைவேற்றலாம். 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அதிபர் ட்ரூமனின் மறுப்பை மீறி வந்ததுதான்.

ஒரு காங்கிரஸின் ஆயுள் இரண்டு ஆண்டு. அது முடிந்ததும் நிறைவேறாத மசோதா எல்லாம் காலாவதியாகிவிடும். எண்கள் மீண்டும் 1இலிருந்து தொடங்கும். அதனால் எஸ். 358 என்று மட்டும் குறித்து வைத்தால் பயனில்லை. எந்தக் காங்கிரஸின் எஸ். 358 என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

என்னிடம் சட்டப் பிரிவின் எண் மட்டும்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அதுவே போதும். 7 சதவீத விதி யு.எஸ். கோடின் (நடப்பிலுள்ள கூட்டாட்சிச் சட்டங்களின் பொருள்வாரித் தொகுப்பு) 8ஆம் தலைப்பில் 1152ஆம் பிரிவு. பிரதிநிதிகள் சபையின் சட்டத் தொகுப்பு அலுவலகம் நடத்தும் தளத்தில் அந்தப் பிரிவைத் திறந்து, வாசகம் முடியும் இடம் வரை கீழே போங்கள். அங்கே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் நீளமான ஒரு பத்தி இருக்கும். பலரும் தாண்டிப் போய்விடும் பத்தி அது. தேடலின் திறவுகோலும் அதுதான்.

1952 ஜூன் 27, அத்தியாயம் 477 என்று அது தொடங்கும் (பப்ளிக் லா, ஸ்டாட். என்பவை என்ன என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்). இடையில் 1965 அக்டோபர் 3, பப்ளிக் லா 89-236, 79 ஸ்டாட். 911 என்று வரும். 1976 அக்டோபர் 20, பப்ளிக் லா 94-571 வரும். 1990 நவம்பர் 29, பப்ளிக் லா 101-649, 104 ஸ்டாட். 4982 வரும். 2000ஆம் ஆண்டின் பப்ளிக் லா 106-313 வரும். இந்தப் பிரிவைத் தொட்ட சட்டம் ஒவ்வொன்றும் தேதி வரிசையில் நிற்கிறது. அதற்கும் கீழே, எந்த ஆண்டுத் திருத்தம் எந்தச் சொல்லை எடுத்தது, எதைச் சேர்த்தது என்ற குறிப்புகள் இருக்கும். உங்களுக்கு வேண்டிய சொல் எந்த ஆண்டில் உள்ளே வந்தது என்று அங்கே கண்டுபிடித்த பிறகே மேலே போங்கள். இதைச் செய்யாமல் முதல் சட்டத்தின் விவாதங்களைப் படித்தால், வேண்டிய சொல் அப்போது பிறந்தே இருக்காது.

பப்ளிக் லா, ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ், யு.எஸ். கோடு, மூன்றும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. காங்கிரஸ் இயற்றும் ஒவ்வொரு பொதுச் சட்டத்துக்கும் தரப்படுவது பப்ளிக் லா எண். 101-649 என்றால் 101ஆம் காங்கிரஸ் இயற்றிய 649ஆவது பொதுச் சட்டம். அந்தச் சட்டங்களை இயற்றப்பட்ட வரிசையிலேயே அச்சிட்டுத் தொகுப்பது ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ், 104 ஸ்டாட். 4978 என்றால் 104ஆம் தொகுதி, 4978ஆம் பக்கம். அவற்றையே பொருள்வாரியாகப் பிரித்து, திருத்தங்களையும் ஒட்டி, இன்று நடைமுறையில் இருக்கும் வடிவத்தில் தருவது 1926இல் தொடங்கிய யு.எஸ். கோடு.

குடியேற்றச் சட்டத்தில் இது இன்னொரு குழப்பத்தையும் தரும். வழக்கறிஞர் 202ஆம் பிரிவு என்பார், இணையத்தில் 1152 என்றிருக்கும். இரண்டும் ஒரே விதி. முதலாவது சட்டத்தின் எண், இரண்டாவது கோடின் எண். விவாதங்களிலும் அறிக்கைகளிலும் 202 என்றுதான் இருக்கும் என்பதால் அந்த எண்ணைக் கொண்டு தேடுங்கள். 8ஆம் தலைப்பைக் காங்கிரஸ் தனிச் சட்டமாக நிறைவேற்றவில்லை. ஆகவே கோடும் ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜும் முரண்பட்டால் பின்னதே செல்லும்.

1952 சட்டத்துக்கு அந்தப் பொடி எழுத்துப் பத்தியில் பப்ளிக் லா எண்ணே இல்லையே?

எண் உண்டு, 82-414. ஆனால் 1957க்கு முந்தைய சட்டங்களை அத்தியாய எண்ணால் குறிப்பது வழக்கம். தேதியும் ஸ்டாட். பக்க எண்ணும் இருந்தால் சட்டம் கிடைத்துவிடும்.

சட்ட எண் கிடைத்துவிட்டது. அது எந்த மசோதாவிலிருந்து வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சட்டத்தின் அச்சுப் பிரதியை ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜில் எடுத்து அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 1975 முதல் வந்த சட்டங்களுக்கு அங்கேயே சிறு பட்டியல் ஒன்று இருக்கும்: மசோதா எண், குழு அறிக்கைகளின் எண்கள், எந்தெந்த நாளில் எந்த அவையில் விவாதம் நடந்தது, அதிபர் அறிக்கை எதுவும் வெளியிட்டாரா. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். கட்டணத் தளம் எதுவும் இல்லாமலேயே தேடலின் வரைபடத்தை அரசே கையில் கொடுத்துவிடுகிறது.

1990 சட்டத்தின் பட்டியலில் மசோதா எஸ். 358, செனட் குழு அறிக்கை 101-55, பிரதிநிதிகள் சபைக் குழு அறிக்கை 101-723, கூட்டுக் குழு அறிக்கை 101-955. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் வேலையில் பாதி முடிந்தது.

எஸ். 358 என்று தேடினேன். பிரதிநிதிகள் சபையின் அறிக்கை கிடைக்கவே இல்லை. தொலைந்துவிட்டதா?

தொலையவில்லை, வேறொரு எண்ணின் கீழ் இருக்கிறது. செனட் எஸ். 358ஐ 1989 ஜூலையில் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையோ தன் சொந்த மசோதாவான எச்.ஆர். 4300ஐ எடுத்துக்கொண்டு, அதற்குத்தான் 101-723 அறிக்கையை எழுதி, 1990 அக்டோபர் 3 அன்று 231க்கு 192 என்ற கணக்கில் நிறைவேற்றியது. பிறகு எஸ். 358இன் வாசகத்தை நீக்கிவிட்டு அந்த எண்ணுக்குள் தன் மசோதாவின் வாசகத்தை வைத்தது. கூட்டுக் குழு இரண்டையும் இணைத்துத் தந்ததே இன்றைய சட்டம்.

எச்.ஆர். 4300 சட்டமாகவே ஆகவில்லை என்று பதிவுகளில் இருக்கும். ஆனால் அதன் அறிக்கையைப் படிக்காமல் 1990 சட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஒவ்வொரு சட்டத்துக்கும் இப்படி ஓர் உடன்பிறப்பு மசோதா இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய காங்கிரஸ்களில் தோற்ற முன்னோடிகளையும் தேடுங்கள். 1965 சட்டத்துக்கான முக்கியமான விசாரணைக் கூட்டங்கள் சில 1964இலேயே, அதாவது அதற்கு முந்தைய காங்கிரஸிலேயே நடந்துவிட்டன.

இத்தனை தாள்களில் எதை நம்புவது? எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பா?

இல்லை. கூட்டுக் குழு அறிக்கைக்கும் அவைக் குழு அறிக்கைக்கும் நீதிமன்றங்கள் வழக்கமாக அதிக மதிப்புத் தருகின்றன. மசோதாவைக் கையாண்டவர்கள் யோசித்து எழுதியவை அவை. அதற்கு அடுத்து, மசோதாவைக் கொண்டுவந்தவரும் குழுத் தலைவரும் அவையில் சொன்ன விளக்கம். பிற உறுப்பினர்களின் பேச்சு அதற்கும் கீழே. விசாரணைக் கூட்டத்தின் சாட்சியம் என்பது ஒரு சாட்சியின் கருத்து மட்டுமே. அதைக் காங்கிரஸின் கருத்தாக எழுதிவிடக் கூடாது. சட்டம் வந்து பத்தாண்டு கழித்து ஓர் உறுப்பினர் ‘நாங்கள் அப்போது நினைத்தது இதுதான்’ என்று சொன்னால் அதற்கு மதிப்பு மிகக் குறைவு.

என் அனுபவத்தில், பேச்சுகளைவிட அதிகம் சொல்வது மசோதாவின் வடிவங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவதுதான். தாக்கலானபோது இருந்த ஒரு சொல் குழுவில் நீக்கப்பட்டிருந்தால், அது காங்கிரஸ் செய்த செயல். செயலை மறைப்பது கடினம்.

விசாரணைக் கூட்டத்தில் அமைச்சர் நிலையில் இருப்பவரே சொன்னால்கூடவா மதிப்பில்லை?

மதிப்பு உண்டு. ஆனால் எதற்கான சான்று என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1965 குடியேற்றச் சட்டத்துக்கு முன்னோடியான மசோதா நிறைவேறினால், ஆசிய-பசிபிக் பகுதியிலிருந்து முதல் ஆண்டில் சுமார் 5,000 பேர் வருவார்கள், அதன்பின் பெரிய வரத்து எதையும் எதிர்பார்க்கவில்லை என்று 1964இல் பிரதிநிதிகள் சபைக் குழு முன் சாட்சியம் சொன்னார் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி. பிறகு நடந்தது என்ன என்பதற்கு அமெரிக்காவில் இன்று வாழும் லட்சக்கணக்கான இந்தியர்களே சாட்சி.

அவர் ஏமாற்றினார் என்று சிலர் எழுதுகிறார்கள்; அந்தச் சாட்சியத்திலிருந்து அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது. அரசு என்ன எதிர்பார்த்தது, என்ன சொல்லி உறுப்பினர்களின் அச்சத்தைத் தணித்தது என்பதற்கு அது நல்ல சான்று. சட்டத்தின் சொற்களுக்கு என்ன பொருள் என்பதற்கு அது சான்றே ஆகாது.

7 சதவீத விதி இந்தியர்களைத் தடுக்கத்தான் கொண்டுவரப்பட்டது என்கிறார்களே?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். மேலே சொன்ன அந்தப் பொடி எழுத்துப் பத்தியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் வேறு கதை தெரிகிறது. இந்தியர்களைப் பெயர் சொல்லாமல் தடுத்த சட்டம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1917இல் வரைபடத்தில் கோடு கிழித்து ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து வருவதை அது தடை செய்தது. 1946இல் அந்தத் தடை தளர்ந்தபோது இந்தியாவுக்குக் கிடைத்த இடம் ஆண்டுக்கு 100. 1952 சட்டமும் ஆசிய நாடுகளுக்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட நூறுகளையே வைத்தது. அதுமட்டுமல்ல, ஆசிய வம்சாவளியினர் உலகில் எங்கே பிறந்திருந்தாலும் அவர்களை மூதாதையர் நாட்டின் கணக்கிலேயே சேர்த்தது.

1965 சட்டம் அந்த அமைப்பையே கலைத்தது. கிழக்கு அரைக்கோளம் முழுவதற்கும் 1,70,000 இடம், எந்த நாடும் 20,000ஐத் தாண்டக்கூடாது என்று வைத்தது. பிரிட்டனுக்கும் 20,000, இந்தியாவுக்கும் 20,000. இன்றைய நாட்டு உச்சவரம்பின் வேர் இதுதான். நூறு பேருக்கு மேல் நுழைய முடியாத நாட்டுக்கு அது அன்று திறந்த கதவு. 1976இல் மேற்கு அரைக்கோளத்துக்கும் அதே வரம்பு வந்தது. மெக்சிகோவுக்கு அது பலத்த அடி. 1990இல்தான் எண் சதவீதமாக மாறியது. குடும்ப வழியில் குறைந்தது 2,26,000, வேலை வழியில் 1,40,000, இரண்டும் சேர்ந்த 3,66,000இல் 7 சதவீதம் என்றால் ஒரு நாட்டுக்கு 25,620.

140 கோடி மக்கள் உள்ள நாட்டுக்கும் சில லட்சம் பேர் உள்ள நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு என்பதால் நம்மவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்கிறார்கள். அந்த வலி உண்மை, அதை மாற்றக் கோருவதும் நியாயம். ஆனால் ஒரு சட்டத்தின் விளைவு அநியாயமாக இருக்கிறது என்பதும், அந்த அநியாயத்துக்காகவே அது எழுதப்பட்டது என்பதும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். இரண்டாவதற்குத் தாள் வேண்டும்.

அவை நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான காங்கிரஷனல் ரெக்கார்டில் இருப்பதெல்லாம் அவையில் பேசப்பட்டதுதானே?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். உறுப்பினர்கள் தங்கள் பேச்சைத் திருத்தலாம், பேசாததை எழுதிக் கொடுத்துச் சேர்க்கலாம். லூசியானா உறுப்பினர் ஹேல் போக்ஸ் சென்ற விமானம் 1972 அக்டோபர் 16 அன்று அலாஸ்காவில் காணாமற்போனது. இரண்டு நாள் கழித்து வந்த ரெக்கார்டில் அவர் பேசியதாக ஓர் உரை இருக்கிறது. முன்கூட்டியே தயாரித்துக் கொடுத்தது அப்படியே அச்சேறிவிட்டது.

பேசாத உரைகளுக்குக் கறுப்புப் புள்ளி இடும் வழக்கம் 1978இல் வந்தது. அதற்குப் பிறகும் ஏமாற வழி உண்டு. குவாண்டநாமோ கைதிகள் தொடர்பான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவில், இரண்டு செனட்டர்கள் நேருக்கு நேர் உரையாடியதுபோல் நீண்ட பகுதி ஒன்று இருந்தது. அது விவாதத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்டது என்பதை உச்ச நீதிமன்றம் 2006இல் ஹம்தான் வழக்கின் தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. வாக்களித்தவர்கள் கேட்காத பேச்சு வாக்குக்கு விளக்கமாகாது.

தீர்ப்பில் சொன்ன பக்க எண்ணை ரெக்கார்டில் எடுத்தால் வேறு ஏதோ இருக்கிறதே?

ரெக்கார்டு இரண்டு வடிவங்களில் வருகிறது. அன்றாடப் பதிப்பில் பக்க எண்ணுக்கு முன்னால் எச், எஸ் போன்ற எழுத்து இருக்கும். பின்னாளில் வரும் நிரந்தரத் தொகுப்பில் எழுத்து இல்லாமல் தொடர் எண் மட்டும் இருக்கும். ஒன்றின் எண் மற்றதில் செல்லாது. தேதியைக் கொண்டு தேடினால் இரண்டிலும் கிடைக்கும்.

இதையெல்லாம் பார்க்கப் பணம் கட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். காங்கிரஸ் நூலகம் நடத்தும் காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் 1973 முதல் மசோதாக்களின் நிலவரமும், பிந்தைய ஆண்டுகளின் மசோதாக்களுக்கு முழு வாசகமும், 1995 முதல் குழு அறிக்கைகளும் இருக்கின்றன. அரசு அச்சகத்தின் கவ்இன்ஃபோ தளத்தில் 1873 முதலான காங்கிரஷனல் ரெக்கார்டு கிடைக்கிறது. பழைய விசாரணைக் கூட்டங்களின் பதிவு பலவற்றை ஹாத்திடிரஸ்ட் தளம் முழுமையாகவே திறந்து வைத்திருக்கிறது.

புரோக்வெஸ்ட், ஹெயின்ஆன்லைன் போன்ற கட்டணத் தளங்களில், ஒரு சட்டத்துக்கான தாள்களை யாரோ ஒருவர் ஏற்கெனவே தேடித் தொகுத்து வைத்திருப்பது பெரிய வசதி. அமெரிக்காவில் இருப்பவர்கள் அதற்காகத் தனியாகப் பணம் கட்டுவதற்கு முன், அருகிலுள்ள அரசு ஆவணக் காப்பு நூலகத்துக்குப் போய்க் கேளுங்கள். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய நூலகங்கள் உள்ளன. அரசு வெளியீடுகளைப் பொதுமக்கள் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சட்டப்படி அது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம்.

1973க்கு முந்தைய சட்டம் என்றால் கைவிட வேண்டியதுதானா?

அவசியமில்லை. குழு அறிக்கைகள் சீரியல் செட் என்ற பெருந்தொகுப்பில் 1817 முதல் இருக்கின்றன. 1873க்கு முந்தைய விவாதங்கள் காங்கிரஷனல் குளோப் உள்ளிட்ட மூன்று பழைய தொகுப்புகளில் உள்ளன. அவற்றைக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அச்சேறாத குழுக் கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பொதுவாகச் செனட் கோப்புகள் 20 ஆண்டு, பிரதிநிதிகள் சபைக் கோப்புகள் 30 ஆண்டு கழித்தே திறக்கப்படும். அந்தரங்கம் தொடர்பானவை 50 ஆண்டு.

அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கான 20,000 எச்-1பி வேலை விசா இடங்களைப் பற்றித் தேடினேன். வந்து நின்றது பட்ஜெட் சட்டத்தில். எண் தவறா?

எண் சரி. 2004ஆம் ஆண்டு எச்-1பி சீர்திருத்தம் தனிச் சட்டமாக வரவில்லை. ஆண்டு இறுதியில் அரசின் செலவுகளை எல்லாம் ஒன்றாகக் கட்டிய பெரும் சட்டமான பப்ளிக் லா 108-447க்குள் ஒரு பகுதியாகச் செருகப்பட்டது. இப்படிப்பட்ட சட்டங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் செலவுக் கணக்கைப் பற்றியவை. செருகிய பகுதிக்கு விளக்கம் தேடி அவற்றைப் புரட்டுவது வீண். அதே பொருளில் அதற்கு முன் தனியாகத் தாக்கலாகி நின்றுபோன மசோதாக்களையும், அவற்றுக்காக நடந்த விசாரணைக் கூட்டங்களையும் தேடுங்கள். உண்மையான யோசனை அங்கே நடந்திருக்கும்.

குழு அறிக்கையே எழுதாமல் ஒரு சட்டம் வர முடியுமா?

முடியும். இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் (சிவில் ரைட்ஸ் ஆக்ட்), எச்.ஆர். 7152, பிரதிநிதிகள் சபையில் அறிக்கையோடு வந்தது. செனட்டில் குழுவுக்குப் போனால் அங்கேயே புதைக்கப்படும் என்பதால் நேராக அவைக்கே எடுத்துக்கொண்டார்கள். எனவே செனட் குழு அறிக்கை கிடையாது. எதிர்ப்பாளர்களின் மாரத்தான் பேச்சு ஜூன் 10 அன்று 71க்கு 29 என்ற வாக்கில்தான் நின்றது. பிறகு செனட் தந்த வாசகத்தைப் பிரதிநிதிகள் சபை அப்படியே ஏற்றதால் கூட்டுக் குழு அறிக்கையும் இல்லை. கடைசி நேரத்தில் மாற்றி எழுதப்பட்ட வாசகத்துக்கு விளக்கம் வேண்டுமென்றால் அவை விவாதம் மட்டுமே மிச்சம். அதனால்தான் அந்த விவாதத்தை நீதிமன்றங்கள் அவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கின்றன.

அதிபர் கையெழுத்திடும்போது சொன்னதை எடுத்துக்கொள்ளலாமா?

பின்னணிக்கு எடுத்துக்கொள்ளலாம், அதிபர் காங்கிரஸின் உறுப்பினர் அல்லர். 1965 சட்டத்தில் சுதந்திர தேவி சிலையின் அடியில் கையெழுத்திட்ட ஜான்சன், இது புரட்சிகரமான மசோதா அல்ல, லட்சக்கணக்கானோரின் வாழ்வை இது பாதிக்காது என்ற கருத்தில் பேசினார். கென்னடியின் சாட்சியத்துக்குச் சொன்னதே இதற்கும்.

சட்டமாகாமல் போன மசோதாக்களிலிருந்து ஏதாவது நிரூபிக்க முடியுமா?

மிகக் கவனமாகவே. வேலை வழிக் கிரீன் கார்டுக்கு நாட்டு உச்சவரம்பை நீக்கும் மசோதா 2011இல் பிரதிநிதிகள் சபையில் 389க்கு 15 என்று வென்றது, செனட்டில் நின்றுபோனது. 2019இல் மீண்டும் 365க்கு 65 என்று வென்றது. 2020 டிசம்பரில் செனட் தன் திருத்தங்களோடு ஒரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிந்துவிட்டது.

இதை வைத்து, காங்கிரஸ் உச்சவரம்பை விரும்புகிறது என்றும் வாதிடலாம், விரும்பவில்லை என்றும் வாதிடலாம். இரண்டும் செல்லாது. ஒரு மசோதா தோற்பதற்குக் காலண்டர்கூடக் காரணமாக இருக்கலாம். 1990இல் எழுதிய சொல்லின் பொருளை 2020இன் தோல்வி மாற்றாது. அடுத்த மசோதா வரும்போது எந்த இடத்தில் இழுபறி வரும் என்று அறிய மட்டும் இவை உதவும்.

இப்போதைய நீதிபதிகள் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஸ்காலியா, வாக்களிக்கப்பட்டதும் கையெழுத்திடப்பட்டதும் வாசகம் மட்டுமே, அறிக்கை அல்ல என்று இறுதிவரை வாதிட்டார். நீதிபதி பிரெயர் அதற்கு எதிர்த்தரப்பில் நின்று, உரிய கவனத்தோடு பயன்படுத்தலாம் என்றார். இன்றைய நீதிமன்றம் வாசகத்தின் பக்கமே பெரிதும் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் வழக்கறிஞர்கள் இந்தத் தாள்களைத் தேடுவதை நிறுத்தவில்லை, கீழ் நீதிமன்றங்களும் அரசுத் துறைகளும் பார்க்கின்றன. நீதிமன்றத்துக்கு வெளியே, வரலாறு எழுதுகிறவருக்கும் பத்திரிகையாளருக்கும் இவற்றுக்கு மாற்றே இல்லை.

இரண்டு தரப்பும் ஒரே விவாதத்திலிருந்து மேற்கோள் காட்டுகிறார்களே. அப்படியானால் எது உண்மை?

1979இல் வந்த வெபர் வழக்கு இதற்குப் பாடமாக இருக்கிறது. கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியில் பாதி இடம் ஒதுக்கிய ஒரு தொழிற்சாலைத் திட்டம் 1964 சட்டத்தை மீறுகிறதா என்பது கேள்வி. ஐந்து நீதிபதிகள் சார்பில் பிரென்னன், மீறவில்லை என்று சொல்ல விவாதப் பதிவைக் காட்டினார். ரெங்க்விஸ்ட் தன் எதிர்த்தீர்ப்பில் அதே விவாதத்தைப் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டி நேர் எதிர் முடிவுக்கு வந்தார். கூட்ட அரங்கில் நுழைந்து நம் நண்பர்களை மட்டும் தேடிப் பார்ப்பதுபோல என்று நீதிபதி ஹெரால்டு லெவந்தால் இதைப் பற்றிச் சொன்னது பிரபலம்.

இரண்டு அவைகளில் 535 பேர். அவர்களுக்கெல்லாம் ஒரே நோக்கம் இருந்ததாக எழுதும்போதே கை தயங்க வேண்டும். ‘காங்கிரஸ் நினைத்தது’ என்று எழுதாமல் ‘செனட் குழு அறிக்கை சொல்கிறது’, ‘மசோதாவைக் கொண்டுவந்தவர் விளக்கினார்’ என்று யார், எங்கே என்பதோடு எழுதுங்கள். உங்கள் வாதத்துக்கு எதிரான வலுவான பகுதியையும் தேடி அதே பக்கத்தில் வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் எல்லாம் சொல்லிவிடுகிறதே?

தேட வேண்டிய சொற்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கை எண், பக்க எண், மேற்கோள் ஆகியவற்றை மூலத்தில் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத அறிக்கைக்கும் உண்மை போலத் தோன்றும் எண்ணை அவை தரக்கூடும்.

எவ்வளவு தேடியும் நான் கேட்ட சொல்லைப் பற்றி எங்கும் ஒன்றுமே இல்லை. எப்போது நிறுத்துவது?

கடைசிப் பக்கப் பட்டியலில் உள்ள எல்லா அறிக்கைகளையும் பார்த்தீர்களா, மசோதாவின் வடிவங்களை ஒப்பிட்டீர்களா, உடன்பிறப்பு மசோதாவையும் முந்தைய காங்கிரஸையும் தொட்டீர்களா, விவாதம் நடந்த நாள்களின் ரெக்கார்டைப் புரட்டினீர்களா? நான்குக்கும் ஆம் என்றால் நிறுத்தலாம். பல சொற்களைப் பற்றி யாரும் எதுவும் பேசாமலேயே வாக்களித்திருக்கிறார்கள். அந்த மௌனத்துக்கு நீங்கள் பொருள் கற்பிக்காதீர்கள். எந்தெந்தத் தாள்களைப் பார்த்தீர்கள், அவற்றில் அந்தச் சொல் விவாதிக்கப்படவில்லை என்று பட்டியலோடு எழுதி வையுங்கள். அடுத்துத் தேட வருகிறவருக்கு அந்தப் பட்டியல் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.